லேப் வாசலில் முல்லை

எங்கள் லேபில் வயதுக்கு மரியாதை கிடையாது, சேர்ந்த வருஷத்துக்குத்தான் மரியாதை. அதனால் என்னைவிட மூத்தவள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தாய், வந்த முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். "நீங்கதான் எனக்கு அக்கா" என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்க்கா" என்று சிரிப்பாள். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் மாடியில் இருக்கும் தாவரவியல் ஆய்வுக்கூடம் அது. கல்வராயன் மலையில் அருகிவரும் செடிகளின் சின்னத் துணுக்கைக் கண்ணாடி பாட்டிலுக்குள் வைத்துப் புதுச் செடியாக வளர்த்தெடுப்பது எங்கள் வேலை. கேட்க அழகாக இருக்கும். முக்கால்வாசி நேரம் நாங்கள் பாட்டில் கழுவிக்கொண்டிருப்போம் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. கழுவியதை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் வேகவைக்க வேண்டும். பிறகு வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேடையின் முன்னால் உட்கார்ந்து துணுக்குகளை உள்ளே வைக்க வேண்டும். உட்காரும் முன் வளையலைக் கழற்றி, முழங்கை வரை ஸ்பிரிட் தேய்க்க வேண்டும். உட்கார்ந்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது, பேச்சோடு கிருமியும் போய்விடும். எனக்கு அந்த விதிதான் பெரிய தண்டனை.

லேபின் சுத்தம் என் பொறுப்பு. யாராவது செருப்போடு உள்ளே வந்தால், எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் திட்டுவதற்கு முன்னால் நான் திட்டியிருப்பேன்.

என்னை அக்கா என்பவள் மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். அப்படியும் மேடம் வருவதற்குள் வந்துவிடுவாள். வெள்ளிமலைப் பக்கம் நாங்கள் இருவரும் ஜீப்பில் போய் எடுத்து வந்த ஒரு கிழங்குச் செடிதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆனால் அவள் போட்ட பாட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. சில நாளிலேயே பஞ்சு அடைத்தது போல வெள்ளைப் பூஞ்சை ஏறிவிடும். பக்கத்தில் என் பாட்டில்கள் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

"ரிவ்யூ வருது. கமிட்டி முன்னாடி ஒரு பாட்டிலாவது சுத்தமா காட்டணும்மா. இல்லன்னா உனக்காக நான் இன்னா பேசறது?" என்றார் மேடம்.

அன்று சாப்பிடும்போது அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. "மாமனார் ஏற்கெனவே போதும்னு சொல்லிக்கினு இருக்காருக்கா. இதுல ஃபெயிலானா வூட்ல உக்கார வேண்டியதுதான்" என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, பூஞ்சைமேல் காட்ட முடியாத கோபம்.

மறுநாள் விசாரணையில் இறங்கினேன். செடிக்கு உணவாக நாங்கள் காய்ச்சும் மீடியாவை ஊற்றிய தட்டுகளைத் திறந்து வாசலருகே ஒன்று, மேடைமேல் ஒன்று என்று வைத்தேன். அவள் விரலை ஒன்றில் பதிக்கச் சொன்னேன், பின்னலின் நுனியை இன்னொன்றில் தொடச் சொன்னேன். தலை குளித்துவிட்டு வந்திருந்தவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சில நாள் கழித்துப் பார்த்தால், மற்றதெல்லாம் ஏறக்குறைய சுத்தமாக இருக்க, பின்னல் தொட்ட தட்டில் மட்டும் பூஞ்சை மண்டிவிட்டது. குளித்த தலையில் இவ்வளவு எங்கிருந்து வரும் என்று அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தினமும் பார்த்த ஒன்று கண்ணில் பட்டது. முல்லைச் சரம். பாட்டிலின் வாயைப் பார்க்க அவள் குனியும்போதெல்லாம் பின்னலோடு அதுவும் முன்னால் சரிந்து மேடைக்குள் எட்டிப் பார்க்கும். தூசி, வேர்வை, செருப்பு, எச்சில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எங்களுக்குப் பூவைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. சரத்தை வாங்கிப் புதுத் தட்டின்மேல் உதறினேன். இரண்டொரு நாளில் அதே வெள்ளைப் பஞ்சு.

"கண்டுபுடிச்சாச்சு! நாளையிலேர்ந்து பூ வேணாம்" என்றேன் குதூகலமாக.

அவள் அழுதுவிட்டாள்.

"அத்தை கைல எப்பிடிக்கா சொல்றது? மாமனார் வேணாம்னப்ப, அவ போவட்டும்னு சொன்னதே அத்தைதான். தெனம் காலைல அவுங்களே கட்டி, அவுங்க கையால வெச்சிதான் பஸ் ஏத்தி உடுவாங்க. அந்தப் பூவாலதான் எல்லாம் கெட்டுப்போச்சின்னு சொல்லட்டுமா?"

பூவை எங்கே வைத்துவிட்டு உள்ளே வரலாம் என்று லேபைச் சுற்றிப் பார்த்தேன்.

வாசல் ஜன்னலில் ஒரு பீக்கரில் தண்ணீர் வைத்தோம். காலையில் சரம் அதற்குள் போகும், அவள் தலைக்குத் துணிக் குல்லா ஏறும். மாலையில் கிளம்பும்போது பூவை நானே அவளுக்கு வைத்துவிடுவேன். பாட்டில்கள் தெளிந்தன. ஒன்றில் பச்சையாகக் குருத்து தலைதூக்கியபோது, விதியை மறந்து மேடைக்கு முன்னாலேயே கத்திவிட்டேன்.

ரிவ்யூவுக்குச் சில நாள் முன்பு ஒரு மத்தியானம், வாசலில் ஒரு பெரியம்மா நின்றார். அவளுடைய மாமியார். கண் டாக்டரைப் பார்க்க வந்தவர், மருமகளோடு சேர்ந்து ஊர் திரும்பலாம் என்று படியேறி வந்திருக்கிறார். அவர் பார்வை எங்கள்மேல் விழவில்லை, பீக்கர்மேல் விழுந்தது.

"இன்னா இது? காலைல நான் வெச்சி உட்ட பூ இங்க கெடக்குது?"

அவள் குல்லாவைக் கழற்றிக் கையில் கசக்கினாள். நான்தான் சரத்தை உதறிய பழைய தட்டை எடுத்துவந்து காட்டி, தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"பூவுலயா இத்தினி அழுக்கு?"

"அழுக்கு இல்லீங்கம்மா. நமக்கு ஒண்ணும் பண்ணாது. இந்தச் செடிக்குத்தான் ஆவாது."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப இத்தினி நாளா நான்தான் கெடுத்துக்கினு இருந்தனா?" என்றார் மெல்ல. "ஏன்டி சொல்லல?"

"நீங்க வெச்சி அனுப்பலன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன் அத்தை."

அவர் செருப்பைக் கழற்றினார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையிலிருந்த சரத்தை உருவி, மருமகளின் பூவோடு பீக்கரில் வைத்தார். முந்தானையால் தலையை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப உள்ள வர்லாமா? எம் மருமவ வளத்த செடிய நான் பாக்கணும்."