மேட்சிங் கையில் அடித்த பெயின்ட்

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேட்சிங் என்றுதான் கூப்பிடுவார்கள். அடிபட்டு வருகிற கார் எந்த நிறமாக இருந்தாலும், வெயிலில் கிடந்து வெளுத்தே போயிருந்தாலும், நாலு டப்பாவைக் கலக்கி அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். பெயின்ட் காய்ந்த பிறகு எங்கே இடித்தது என்று காரின் சொந்தக்காரரே குனிந்து தேடுவார். அதைப் பார்ப்பதில் மேட்சிங்குக்கு அலாதி சந்தோஷம். கொஞ்சம் தலைக்கனம் என்றும் சொல்லலாம், நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அப்பேர்ப்பட்டவருக்கு வலது முன்கையின் உள்பக்கத்தில் ஒரு திட்டு வந்தது. முதலில் லேசான சிவப்பு. பிறகு நடுவில் வெளுத்து, மெழுகு பூசியது போல மினுங்க ஆரம்பித்தது. ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம். வலி இல்லை, ஆனால் தொட்டால் கெட்டியாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். நம்மவர், "லாக்கர் பெயின்ட் தெறிச்சு ஒட்டியிருக்கு" என்று தீர்மானித்து, பஞ்சில் தின்னரை நனைத்துத் தேய்த்தார். போகவில்லை. கார் பாலீஷ் போட்டுத் தேய்த்தார். திட்டு இன்னும் பளபளவென்று தெரிந்தது.

டிங்கர் வேலை பார்க்கும் கூட்டாளி எட்டிப் பார்த்து, "பார்த்துப்பா, ஒட்டிக்கிற சமாச்சாரமா இருக்கப் போகுது" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனார். மேட்சிங் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான். முதுகு வலி என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குக் குடிபோனார். மனைவி தண்ணீர் நீட்டினால், "அங்க வெச்சிடும்மா" என்பார். மனைவி பள்ளி வேன் ஓட்டுபவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் வேன் முழுக்கப் பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடுவார்கள். அவளிடம் எதையும் மறைக்க முடியும் என்று இவர் நினைத்ததே பெரிய வேடிக்கை.

"என் மேல ஏதாவது கோவமாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கோவமா? எனக்கா? சேச்சே" என்று சொல்லிவிட்டு மேட்சிங் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவிவிட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. அதற்காவது மனிதர் பயந்திருக்க வேண்டும். அவரோ தப்பித்தோம் என்று நினைத்தார்.

மூன்று மாதம் போனது. மச்சினனுக்குக் கல்யாணம் வந்தது. மனைவி ஆசையாக ஓர் அரைக்கைச் சட்டை வாங்கி வந்தாள். போட்டே ஆக வேண்டும். மேட்சிங் யோசித்தார். ஊரில் உள்ள கார்களின் காயத்தையெல்லாம் மறைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கையை மறைக்கத் தெரியாதா? பட்டறைக்குப் போய் பழுப்பு, மஞ்சள், ஒரு சொட்டு சிவப்பு என்று கலந்தார். தோல் மினுங்காதே, அதனால் மினுக்கம் குறைக்கிற மருந்தும் ஒரு துளி. சுற்றிலும் டேப் ஒட்டி, மெல்லிசாக ஒரு கோட் அடித்தார். திட்டு போன இடம் தெரியவில்லை. தன் கையை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டார்.

கல்யாணத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போட்டோவுக்கு நிற்கும்போது மனைவி அந்தக் கையைப் பிடித்தாள். மேட்சிங் சூடு பட்டது போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவள் முகம் வாடிப்போனது. கேமராவுக்காக மறுபடி சிரித்தாள்.

விடிந்ததும் கை வீங்கி, அரிப்பு உயிரை வாங்கியது. மனைவி அவரை வேனில் ஏற்றித் தோல் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா கையைப் பார்த்தார். மேலும் கீழும் சிவந்து தடித்திருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் குழந்தைத் தோல் போலச் சுத்தமாக இருந்தது.

"இந்த இடம் மட்டும் நல்லா இருக்கே?"

மேட்சிங் தலையைக் குனிந்துகொண்டார். "அதுதாங்க மேடம் வியாதி."

நர்ஸ் எண்ணெய் வைத்துப் பெயின்ட்டை எடுத்து முடிக்கும் வரை டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு திட்டை அழுத்தி, கிள்ளிப் பார்த்தார்.

"இதுக்கு மார்ஃபியான்னு பேரு. தோல் இறுகிப்போற நோய்ல, உள் உறுப்புக்குப் போகாம தோலோட நிக்கிற வகை. தோலைத் தாங்குற கொலாஜன்னு ஒண்ணு இருக்கு. அதை உடம்பு இந்த இடத்துல மட்டும் அளவில்லாம செஞ்சு குவிக்குது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியல."

"பெயின்ட்டுக்கு அடியில பட்டியை ஓவரா பூசின மாதிரி?"

"அப்படியே வெச்சுக்கோங்க. இந்த ஊதா வளையம் இருக்கிற வரைக்கும் அது வேலை செஞ்சிட்டு இருக்குன்னு அர்த்தம். முதல்ல இந்த அலர்ஜி அடங்கட்டும். அப்புறம் ஒரு துணுக்கு எடுத்து சோதிச்சு உறுதி பண்ணிக்கலாம். களிம்பு தர்றேன், தேவைப்பட்டா லைட் சிகிச்சை. முழங்கை மடிப்புக்குப் பரவினா மாத்திரை. தினமும் கையை நல்லா நீட்டி மடக்குங்க. தின்னரைக் கிட்டவே கொண்டுவராதீங்க."

"நிறம் பழையபடி வருமா மேடம்?"

"இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துடும். நிறத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

மேட்சிங்குக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. மெதுவாகக் கேட்டார். "இது ஒட்டுமா மேடம்?"

"யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, கட்டிப் பிடிச்சாலும் ஒட்டாது."

மேட்சிங்குக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

வேனில் ஏறிச் சாவியைப் போட்டவள், வண்டியைக் கிளப்பவில்லை.

"ஹாலுக்குப் படுக்கப் போனது இதுக்கா?"

"உனக்கு ஒட்டிடக் கூடாதுன்னுதாம்மா..."

"கையை இழுத்தது?"

"அதுக்கும்தான்."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் குண்டாயிட்டேன், அதான் உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு தினமும் மைதானத்தைச் சுத்தி நடக்கிறேன். ராத்திரி அரை வயித்துக்குத்தான் சாப்பிடறேன்."

காரில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிறவர், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் தட்டைப் பார்க்கவில்லை. மேட்சிங்குக்கு அழுகை வந்தது. "என்னை நாலு திட்டு திட்டும்மா" என்றார்.

அவள் திட்டவில்லை. அந்த வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, திட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

"நல்ல கடையாப் பார்த்து நிறுத்தப் போறேன்" என்றாள். "மூணு மாசமாப் பசிக்குது."