அழைப்பிதழின் கடைசிப் பக்கம்

ஓசூரிலிருந்து ஓர் அரங்கேற்ற அழைப்பிதழ் வந்திருக்கிறது. தாம்பாளம் அளவு. பிரித்தால் சந்தன வாசனை. எனக்கென்னவோ மாம்பழ வாசனைதான் அடித்தது. ஆடப்போகிற பெண் கிருஷ்ணகிரி மண்டிக்காரரின் கொள்ளுப்பேத்தி.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் புது டீச்சர். மாம்பழ மண்டி வைத்திருந்த அவர் பள்ளிக் கமிட்டித் தலைவர். பெங்களூரில் யாரோ பெரிய வீட்டுப் பெண் பரதம் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தன் மகளும் ஆடியாக வேண்டும் என்று பித்துப் பிடித்தது. அதுவரை அதே ஆட்டத்தைக் கேவலம் என்றவர். பெங்களூர்க்காரர்கள் கை தட்டியதும் கலையாகிவிட்டது.

சொல்லிக்கொடுக்க சரசம்மா கிடைத்தார். ஓசூர்ப் பக்கம் ஒரு கோயிலில் ஆடியவர். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்து அது நின்றபின் பிழைப்பில்லாமல் இருந்தார். மண்டியின் பின்கட்டில், வைக்கோலில் பழுக்கப்போட்ட மாங்காய்களுக்கு நடுவே, மண்டிக்காரர் மகளுக்கும் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கும் வகுப்பு. சரசம்மா முன்வாசல் வழியாக வரக்கூடாது. பிள்ளைகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடக்கூடாது. தரையை மட்டும் கும்பிடலாம். இப்படியெல்லாம் யோசிக்கவும் தனி மூளை வேண்டும்தான்.

மண்டிக்காரரின் மனைவி நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். பாதியில் தூங்கிவிடுவார். சரசம்மா தட்டுக்கழியால் தாளம் போட்டதும் திடுக்கிட்டு விழித்து, "மெதுவா தட்டு சரசா, தலைய வலிக்குது" என்பார்.

ஆண்டு விழா வந்தது. நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அப்போது எனக்கொரு கர்வம். சரசம்மா தனியாக வந்து கேட்டார்.

"டீச்சரம்மா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எம்பேர மட்டும் போடுங்க. முழுசா போடுங்க. ஆடுனவன்னுதான் என்ன எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருன்னு ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஊர்ப் பெயர், அம்மா பெயர், அப்புறம் சரசம்மா. நீளமான பெயர். மண்டிக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இவ பேரு எதுக்கு? எங்க வூட்டம்மா பேர போடு."

"சரிங்க" என்றேன். அவ்வளவுதான் என் வீரம். தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டிய அம்மாள் நாட்டிய ஆசிரியை ஆனார்.

விழாவன்று சரசம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் தட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து மண்டிக்காரர் மனைவியின் காலில் விழுந்தார்கள். நானும் பலமாகக் கை தட்டினேன். அப்புறம் திரையை விலக்கிப் பார்த்தேன். தட்டுக்கழி மட்டும் கிடந்தது. அவர் சாமல்பட்டிக்குப் போய் ரயிலேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'எங்கள் குடும்பத்தின் நாட்டியப் பாரம்பரியம்' என்று போட்டு, ஆதாரமாக அந்த நோட்டீஸின் படம். என்ன அழகான கையெழுத்து! நேரில் பார்த்தவள் என்று என்னைச் சிறப்பு விருந்தினராக வேறு அழைத்திருக்கிறார்கள்.

மேடையேறி உண்மையைச் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மண்டி இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. அது போகட்டும். சரசம்மா என்பதற்கு முன்னால் இருந்த ஊர்ப் பெயரும் அம்மா பெயரும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. படத்தில் தேடியும் பயனில்லை. அன்றைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி அந்தப் பெயரை அவ்வளவு சுத்தமாக அடித்திருக்கிறேன்.