முட்டை போடாத ஈ

முதலில் வலி வரவில்லை, நாற்றம்தான் வந்தது. தி.நகரில் நானும் என் கணவரும் நடத்தும் புடவைக் கடையில் வெள்ளைத் துணி விரித்து, அதில் உட்கார்ந்து பட்டு எடுத்துக் காட்டுவது என் வேலை. புடவை பார்க்க வந்த ஓர் அம்மா மூக்கைப் பொத்தினார். நான் சாக்கடையைத் திட்டினேன்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாதத்தில் உணர்விழப்பு (நரம்பு மரத்து, வலி தெரியாமல் போவது) வேறு. லட்சுமி இருக்கும் இடம் என்று அந்தத் துணியில் யாரும் செருப்போடு ஏறமாட்டோம். வெறுங்காலில் ஏறிய ஒரு குண்டூசி, குதிகாலில் புண்ணாகிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். கட்டு கசிந்து துணி கறையாகுமே! அதனால் மத்தியானம் கட்டை அவிழ்த்து, பின்வாசல் படியில் காலை நீட்டிக் காற்றாட விடுவேன். பக்கத்திலேயே பிரியாணிக் கடையின் எலும்புத் தொட்டி. ஈ வந்தால் முந்தானையால் விரட்டுவேன். ஒன்றையும் உட்கார விட்டதில்லை என்று பெருமை வேறு.

ஒருநாள் அபிராமபுரத்து வீட்டில் என் கணவர் மருந்து வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இங்க பாரு... உயிரோட என்னமோ நெளியுது."

நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டார் இறங்கி வந்துவிட்டார்கள். தினம் இரண்டு வேளை குளிக்கிறவள் நான். அவமானத்தில் செத்தே போனேன்.

புழுப்புண் (ஈயின் புழுக்கள் உடம்பில் வளர்வது) என்றார் அறுவை மருத்துவர். எலும்பைத் தொட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். ஸ்கேன் முடிவுக்காக உட்கார்ந்திருந்தபோது, காலே இல்லாமல் சம்மணம் எப்படிப் போடுவேன் என்ற ஒரே நினைப்பு.

புழுவைச் சோதித்த பெண் டாக்டர் சின்ன வயசுக்காரி. உட்காராத ஈ எப்படியம்மா முட்டை போடும் என்று அவளிடம் சண்டைக்கே போனேன்.

"இது முட்டை போடாதும்மா. வயித்துலயே பொரிச்சுக் குட்டியா போடும். உட்காரவே வேணாம், நீங்க விரட்டுறதுக்குள்ள போட்டுட்டுப் பறந்துடும்."

எனக்குக் கால் மறந்துபோய்விட்டது! அந்த ஈயை உடனே பார்க்க வேண்டும் என்றேன். போனில் காட்டினாள். சாம்பல் நிறம், முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் கட்டம். சதை ஈ என்று பெயராம். ஆப்பிரிக்கா, அரபு நாடு, இந்தியா எல்லாம் அதன் ஊர்தானாம், கடல் தாண்டிப் பிரேசிலுக்கும் போய்விட்டதாம். வீடியோவில் ஈ திரும்பியபோது வெள்ளைக் கட்டம் கறுப்பானது, கறுப்பு வெள்ளையானது.

"அடியேய், இது ரெட்டைக் கலர் பட்டுடி!" என்று டாக்டரையே 'டி' போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எலும்பைத் தொடவில்லை என்று முடிவு வந்தது. என் கணவர் அங்கேயே அழுதார், நானும் அழுதேன். புழுக்களை எடுத்து, அழுகிய சதையைச் சுரண்டிவிட்டார்கள். அழுகலைத்தானே தின்கிறது என்று யாரும் புழுவை விட்டுவைக்காதீர்கள், அது நல்ல சதைக்கும் போகலாம். மறந்தும் புண்ணைக் காற்றாட விடாதீர்கள்.

எந்த ஈ என்று உறுதி செய்ய, இரண்டு புழுவை அந்தப் பெண் டாக்டர் ஆட்டு ஈரலில் விட்டு வளர்த்தாள். ஈயானதும் என்னைக் கூப்பிட்டாள். கட்டுக் காலோடு ஆட்டோ பிடித்து ஓடினேன். புட்டிக்குள் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, என் சதையில் வளர்ந்த பிள்ளை. கோபமே வரவில்லை. என் கால் அழுகுவது எனக்கு முன்னால் அதன் தாய்க்குத் தெரிந்திருக்கிறதே!

புண் ஆற மாதக்கணக்கானது. இப்போது கடைக்குள் துணிச் செருப்பு போடுகிறேன், லட்சுமி கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் கடை திறந்ததும், புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி முன் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்டி, விரல் விரலாகப் பார்க்கிறேன்.

முதல் தடவை, சாமி விளக்கை ஏற்றிவிட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார் என் கணவர்.

"முதல்ல கால். அப்புறம்தான் சாமி," என்றேன்.

இப்போதெல்லாம் நான் பார்த்து முடிக்கும்வரை தீப்பெட்டியோடு காத்து நிற்கிறார்.