டிகிரி இல்லாத முதுமாணி

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் ஜீவராணி. அப்பா செல்லசாமிக்கு பெக்டரியில் வேலை. உயர்தரப் பரீட்சையில் நான்கு புள்ளி குறைந்ததால் பல்கலைக்கழகம் தவறிப்போனது. 1990இல் ஆசிரியை நியமனம் கிடைத்தபோது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை என்று அதிபர் அவளை அந்தப் பாடத்துக்குத் தள்ளிவிட்டார். பிறகு ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் ஆங்கிலம் பயின்று வந்தாள். உயர்தர வகுப்புக்கும் அவள்தான் ஆங்கில டீச்சர். பிள்ளைகளின் பெற்றோர் சந்தையில் அவளைக் கண்டாலும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

1997இல் ரோகினி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஆங்கிலத்தில் பி.ஏ. அந்த வாரமே உயர்தர வகுப்பு ரோகினிக்குப் போனது. ஜீவராணிக்கு ஆறாம், ஏழாம் வகுப்புகள்.

"அவங்க பட்டதாரி இல்லீங்களா டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றார் அதிபர்.

கோபம் என்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. ஆசிரியர் பட்டியலில் ரோகினியின் பெயருக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு எழுத்தை ஜீவராணி தினமும் காலையில் கையெழுத்துப் போடும்போது பார்த்தாள். ரோகினி பேசும் இங்கிலிஷில் பிழை தேடினாள். கண்ட பிழைகளைப் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். இரண்டு வருடத்தில் பதினொன்றுதான் தேறியது. அவ்வளவு குறைவாக இருந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

2001இல் ஒருநாள் ஆசிரியர் அறைப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்டாள். ஆங்கிலம் கற்பித்தலில் முதுமாணி, அதாவது எம்.ஏ. பட்டம். பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம், அல்லது பத்து வருடச் சேவையுள்ள பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் நுழைவுப் பரீட்சை எழுதி வரலாம். பட்டதாரிகளுக்கும் அதே பரீட்சைதான். அதை அவள் மூன்று தடவை வாசித்தாள். உடனே வந்த நினைப்பு, இதை ரோகினி பார்த்தால் அவளும் போடுவாள், அவளைத்தான் எடுப்பார்கள் என்பதுதான். அந்தத் தாளை உருவி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் ரோகினி பத்திரிகையைப் புரட்டினாள். "ஐஞ்சாம் பக்கத்தைக் காணேல்லை. ஆர் எடுத்தது?"

"தேத்தண்ணி கொட்டிருச்சுங்க டீச்சர். நாந்தான் எடுத்துப் போட்டேன்."

கண்டியில் பரீட்சை எழுதினாள். நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, முதல் பட்டமே இல்லாமல் முதுமாணியா என்று கேட்டார். பதினொரு வருடம் வகுப்பில் நின்றதற்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை, வேண்டுமானால் இப்போதே ஒரு பாடம் எடுத்துக் காட்டுகிறேன் என்றாள். அங்கேயே பத்து நிமிடம் எடுத்தும் காட்டினாள். இடம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வலப்பனை வழியாகக் கண்டிக்குப் பஸ். சின்னம்மா வீட்டில் தங்கல். சனி, ஞாயிறு வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு மட்டும் சொல்லி, வெளியே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். வகுப்பில் மற்ற எல்லாரும் பட்டதாரிகள். அவர்கள் தங்கள் வளாகத்து நாட்களைச் சொல்லிச் சிரிக்கும்போது அவளுக்குச் சோறு இறங்காது. முதல் ஒப்படைக்கு, எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு, நூற்றுக்கு முப்பத்தெட்டு. மேற்கோள் காட்டவோ வாதத்தை அடுக்கவோ தெரியவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தி மறுபடி கொடுக்க ஒரு மாதம் தவணை. அதெல்லாம் தெரிந்தவள் ராகலையில் ஒரே ஒருத்திதான்.

பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டு, ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒப்படையை ரோகினியின் மேசையில் வைத்தாள்.

ரோகினி முதல் பக்கத்தைப் பார்த்தாள். "இதுக்கு எப்ப விண்ணப்பிச்சனீங்கள்?"

"போன வருசம். அந்தப் பேப்பர்ல வந்துச்சு. தேத்தண்ணி ஒண்ணும் கொட்டலீங்க டீச்சர். நீங்க பாத்துரக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

ரோகினி தலையை நிமிர்த்தவில்லை. "நான் கடையிலை வேறை பேப்பர் வாங்கினனான். கொழும்பிலை அக்கா வீட்டை நிண்டு சோதனையும் எழுதினனான். என்னை எடுக்கேல்லை." அடுத்த பக்கத்தைத் திருப்பியபடி, "டிகிரி இல்லாத உங்களை எடுத்திருக்கினம்" என்றாள்.

ஜீவராணிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சந்தோஷமும் கிடந்தது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் ஒப்படை திரும்பி வந்தது. ஒரு வரி மிச்சமில்லாமல் சிவப்பு மை.

"உதவியெண்டு நினையாதேங்கோ. பிழையைக் கண்டா எனக்கு விட ஏலாது" என்றாள் ரோகினி.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒப்படையும் ரோகினியின் கைக்குப் போனது. குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே அவள் வாசித்தாள். குற்றம் கிடைக்காதபடி எழுத வேண்டும் என்றே இவள் எழுதினாள். இருவருக்கும் அன்பு என்று சொல்ல முடியாது. ஆனால் புள்ளிகள் ஏறின.

ஆய்வேட்டுக்கு ஜீவராணி எடுத்தது தோட்டத்துப் பிள்ளைகளின் பேச்சு. லைனிலிருந்து வந்த லயம், பரேடிலிருந்து வந்த பெரட்டு, பெக்டரி என்று வீட்டிலேயே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைப் புழங்கும் பிள்ளைகள், வகுப்பில் ஆங்கிலம் என்றதும் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. வாசித்து முடித்த ரோகினி தாள்களை நேராக அடுக்கினாள். இந்தத் தடவை சிவப்பு அதிகம் இல்லை.

"இது எனக்கு வந்திருக்காது. நான் லயத்திலை பிறக்கேல்லையே" என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று ஜீவராணிக்கு உடனே தெரிந்தது. அத்தனை வருடம் அவளுக்குள் இருந்ததும் அதுதான்.

2005இல் பட்டம் கிடைத்தது. சம்பள உயர்வுக்காகக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். எழுதுவினைஞர் சான்றிதழை வாங்கிப் பார்த்து, பட்டதாரிச் சம்பளத்துக்கு முதல் பட்டம் வேண்டும், அது எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றாள். அவர் சட்டக்கோவையைத் திறந்து அந்தப் பந்தியைக் காட்டினார். சம்பளம் அப்படியே நின்றது. அடுத்த வருடம் ரோகினி கொழும்புக்கு மாற்றலாகிப் போனாள். உயர்தர வகுப்பு மட்டும் திரும்பி வந்தது.

ஜீவராணி அந்த வருடமே, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதும் வெளிவாரிப் பி.ஏ.க்குப் பதிந்தாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதுமாணி முடித்தவள் இளமாணி முதலாம் வருடப் பரீட்சைக்கு நுவரெலியாவில் போய் உட்கார்ந்தபோது, இரண்டு மேசை தள்ளி அவளிடம் படித்த விஜிதரன் இருந்தான். பதறி எழுந்து நின்றான்.

"டீச்சர்! நீங்க மேற்பார்வைக்கா வந்தீங்க?"

"இல்லப்பா, எழுதத்தான். உக்காரு."

அவன் இரண்டு மணித்தியாலத்தில் மூன்று தடவை மேலதிகத் தாள் வாங்கினான். அவளுக்கு ஒரு தடவைதான் தேவைப்பட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் பேனா ஓடும் வேகத்தைப் பார்த்தாள். இருபது வயதில் தனக்கு இப்படி ஒரு மேசை கிடைத்திருந்தால் என்று நினைத்தாள்.

2009இல் பட்டத்தின் இறுதி முடிவு வந்தது. அவனுக்கு முதல் வகுப்பு, அவளுக்குச் சாதாரண சித்தி. அன்று வாழ்த்துச் சொல்ல அவனுக்குப் போன் பண்ண அவளால் முடியவில்லை. மறுநாள் பண்ணினாள்.