எட்டுக்காலி கடித்ததாக நம்பிய மூன்று நாள்

ஏழாம் மாதம் முடிவதற்குள் துபாயிலிருந்து வந்துவிடுகிறேன் என்று மகள் போனில் சொன்ன மறுநிமிஷம் நான் ஒட்டடைக் கம்பைத் தூக்கிவிட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம். அதற்குப் பிறகு சுசீந்திரத்தில் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். மூன்று அறையில் இரண்டைப் பூட்டியே போட்டிருந்தேன். ஒருத்திக்கு எத்தனை அறை வேண்டும்? பூட்டின அறையில் எட்டுக்காலிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. என்னைவிட அவற்றுக்குத்தான் ஆள்துணை அதிகம்.

இரண்டு நாள் நின்று மகளின் அறையைக் கழுவினேன். மூன்றாம் நாள் இடது விலாவில் ஒரு எரிச்சல். கம்பைத் தூக்கி அடித்ததில் சதை பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் குளிக்கும்போது பார்த்தால் முதுகெலும்பிலிருந்து முன்பக்கம் வரை, இடதுபக்கம் மட்டும், பாதி அரைஞாண் கட்டினது மாதிரி சிவந்து கிடந்தது. அதன்மேல் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். ரவிக்கைத் துணி பட்டால் உயிர் போயிற்று.

எதிர்வீட்டுக்காரி பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "டீச்சரே, இது எட்டுக்காலி ஓடினதாக்கும். ஒட்டடை அடிச்சியள்லா? வெஷம் எறங்கியிருக்கு. வைத்தியர்கிட்ட போங்க."

எங்கள் பக்கத்தில் உடம்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால் அது எட்டுக்காலி விஷம்தான். அதற்கென்று பச்சிலை உண்டு, பத்தியம் உண்டு, வைத்தியர் உண்டு. சரி, அவள் சொன்னாள், பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு. நான் யார்? நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷம் நுண்ணுயிரியல் பாடம் நடத்தியவள். இந்தக் கொப்புளத்தைப் பலகையில் படம் போட்டுக் காட்டியே எத்தனை சாக்பீஸ் தேய்த்திருப்பேன். எட்டுக்காலி விஷம் என்று பரீட்சையில் எழுதியவனை எழுப்பி நிறுத்தி, வகுப்பே சிரிக்கும்படி கிழித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் எதிர்வீட்டுக்காரியிடம், "ஆமா, அதாத்தான் இருக்கும்" என்றேன்.

வகுப்பில் நான் சொல்வது இதுதான். இது சின்னம்மையின் வைரஸ். அதன் உறையில் இருக்கிற புரதங்கள் நம் செல்லின் மேல்சவ்வைத் தொட்டுப் பிடிக்கும். பிடித்ததும் உறையும் சவ்வும் உருகி ஒன்றாகும், உள்ளே இருப்பது உள்ளே வந்துவிடும். அம்மை போட்டு இறங்கின பிறகு எல்லாம் போயிற்று என்று நாம் தலைக்குத் தண்ணீர் விடுகிறோம். போகவில்லை. தோலில் முடிகிற நரம்பின் நுனி வழியாகக் கொஞ்சம் உள்ளே ஏறியிருக்கும். வைரஸுக்குக் காலா கையா? நம் செல்லிலேயே சரக்குச் சுமக்கிற புரதங்கள் இருக்கின்றன. அவைதான் நரம்பு நெடுக அதைத் தூக்கிக்கொண்டு போய், முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும் நரம்புமுடிச்சில், உட்கருவின் வாசலில் இறக்கிவிடும். "தூக்குகூலி கூட கேக்காம சுமக்கோம்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். உள்ளே போனதும் அதன் டி.என்.ஏ. வளையமாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். புரதம் செய்யாது, நகல் எடுக்காது. செல் அதைத் தன் வீட்டுச் சாமான் என்றே நினைத்துக்கொள்ளும். நம் உடம்பின் காவல் செல்கள் சுற்றி வந்தபடி இருக்கும். வயசாகி, தூக்கம் கெட்டு, மனசு உடைந்து காவல் இளைக்கும்போது அது எழுந்து, வந்த வழியே நரம்பில் இறங்கித் தோலுக்கு வரும். அதற்குப் பேர்தான் அக்கி.

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டது. வீட்டுக்காரரோடு நான் வாழ்ந்தது முப்பத்திரண்டு வருஷம். இந்த வைரஸோடு ஐம்பது. பிறந்த வீடு, புகுந்த வீடு, பிரசவம், சாவு எல்லாவற்றிலும் கூடவே இருந்தது இது ஒன்றுதான். குளியலறையில் நின்று இதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

தெரிந்தும் ஏன் எட்டுக்காலி என்றேன்? அக்கிக் கொப்புளத்தின் நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அம்மை வராதவர்கள் மேல் அது பட்டால் அவர்களுக்கு அக்கி வராது, அம்மை வரும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வந்தால் நுரையீரலில் இறங்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிள்ளைக்கே உயிர்ப்பயம். என் மகளுக்கு அம்மை வந்ததில்லை. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் தெருவில் வீடு வீடாக அம்மை போட்டது. நான் அவளை அள்ளிக்கொண்டுபோய் அருமனையில் என் நாத்தனார் வீட்டில் ஒன்றரை மாதம் விட்டேன். என் பிள்ளைக்கு ஒரு குரு, ஒரு கொப்புளம் கூட வரவில்லை என்று அதற்குப் பிறகு வருஷக்கணக்காகப் பெருமை பேசினேன். அப்படிக் காப்பாற்றின புண்ணியத்தில் அவள் உடம்பில் இப்போது எதிர்ப்பு இல்லை. அக்கி என்று நான் வாயால் சொன்னால் அவள் இந்த வீட்டுக்கு வரமுடியாது. எட்டுக்காலி என்றால் வரலாம். அவ்வளவுதான் விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைத்ததும் நான்தான், சாப்பிட உட்கார்ந்ததும் நான்தான்.

அன்று மாலை போனில் மகளிடம், "ஒட்டடை அடிக்கும்போ எட்டுக்காலி கடிச்சிட்டு மக்ளே, ஒண்ணுமில்ல" என்றேன்.

புதன்கிழமை வைத்தியரைப் பார்க்கப் போனேன். மருந்துக்காகப் போகவில்லை. இன்னொரு வாய் எட்டுக்காலி என்று சொல்லக் கேட்க வேண்டியிருந்தது. வயதான மனுஷன். கொப்புளத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பச்சிலை அரைத்த விழுதை வாழையிலையில் மடித்துத் தந்தார். மீனும் புளியும் விலக்கச் சொன்னார். எல்லாம் நான் எதிர்பார்த்தபடிதான். எழுந்திருக்கும்போது கேட்டார்.

"வீட்டுல பிள்ளைத்தாய்ச்சி ஆரும் உண்டுமா?"

"இல்லை" என்றேன். பொய்யில்லை. அன்றைக்கு இல்லைதான்.

"இல்லேன்னா சரி. உண்டும்னா கிட்ட அண்ட விடாதீங்கம்மா. எட்டுக்காலியோ என்னமோ, இந்த நீரு அவங்க மேல படப்படாது."

எனக்குச் சுருக்கென்றது. செல், சவ்வு, புரதம் ஒன்றும் தெரியாத மனுஷன் சரியாகச் சொல்கிறார். எல்லாம் தெரிந்தவள் இலைப்பொதியோடு நிற்கிறேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் போன்றவர்களைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் பஸ்ஸில் வரும்போதே மனசு வழக்காட ஆரம்பித்தது. மேலே பஞ்சு வைத்துக் கட்டினால் ஆபத்து குறைவு. வேறு அறையில் படுத்துக்கொள்ளலாம், அவள் துணியைத் தொடாமல் இருக்கலாம். குறைவுதானே தவிர இல்லை என்று ஆகாது என்பதை மட்டும் அந்த வழக்கில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வியாழக்கிழமை எரிச்சலோடு எரிச்சலாகப் பயறு வறுத்து, பாகு காய்ச்சி முந்திரிக்கொத்து சுட்டேன். அவளுக்கு அது என்றால் உயிர்.

வெள்ளிக்கிழமை காலை வாடகைக் காரில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனேன். அருமனையிலிருந்து நாத்தனாரும் தன் காரில் வந்திருந்தாள். அவள்தான் மகளுக்கு மாமியார். சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று வகுப்பில் முழங்கியவள் வீட்டில்தான் இந்தக் கூத்து. மகளும் அவள் அத்தை மகனும் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார்கள், என் பாடம் எடுபடவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் மகள் தனியாகத்தான் வந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தாண்டித் தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். முதலில் வயிறுதான் தெரிந்தது. அப்புறம் முகம். நாத்தனார் ஓடிப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி வந்தாள். மூன்று நாளாக வழக்காடின மனசு அந்த இடத்தில் வாயடைத்துப் போயிற்று.

"நில்லு மக்ளே! கிட்ட வராத!"

அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரித்த கையோடு நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"அக்கி. விலாவில. மூணு நாளாச்சு."

"எட்டுக்காலின்னு சொன்ன?"

"சொன்னேன்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம். கையைக் கீழே போட்டாள். கண் நிறைந்துவிட்டது. "நேத்தே சொல்லியிருந்தா நான் டிக்கெட்ட மாத்தியிருப்பேன். எம்பிள்ளைய வச்சா நீ வெளாடுவ?" என்றாள். 'எம்பிள்ளை' என்றாள். அது நான் கேட்க வேண்டியதுதான்.

நாத்தனார்தான் நடுவில் வந்தாள். "பிள்ளைய நிக்க வைக்காண்டாம். நான் அருமனைக்குக் கொண்டு போறேன் மைனி. நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க." பெட்டிகளை அவள் கார் டிக்கியில் ஏற்றினார்கள். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் கிளம்பும்போது மகள் கண்ணாடியை இறக்கவில்லை.

நேரே நாகர்கோவிலில் தோல் மருத்துவரிடம் போனேன். சின்னப் பெண். "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா நல்லா கேட்டிருக்கும் மேடம்" என்றாள். அதுவும் என் நோட்ஸில் உள்ள வரிதான். மாத்திரை எழுதித் தந்தாள். அந்த மாத்திரை ஒரு விசித்திரமான சாமான். விழுங்கும்போது அதற்கு ஒரு வேலையும் தெரியாது. அதன்மேல் பாஸ்பேட் ஒட்டினால்தான் வேலை செய்யும். நம் நொதிகள் அதைச் சட்டை செய்வதில்லை. வைரஸ் தன் பிழைப்புக்காகச் செய்து வைத்திருக்கும் நொதிதான் அதைப் பிடித்து முதல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அப்புறம் அது வைரஸின் டி.என்.ஏ. நகலிலேயே போய் உட்கார்ந்து மேற்கொண்டு எழுதவிடாமல் நிறுத்திவிடுகிறது. தன் கையாலேயே தனக்கு விஷம் வைத்துக்கொள்கிறது. ஆனால் முடிச்சில் தூங்குகிறதே, அது நொதி செய்வதில்லை. அதனால் மாத்திரை அதைத் தொடாது. விரட்டவே முடியாது, படுக்க வைக்கத்தான் முடியும்.

அடுத்த பத்து நாளும் நான் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கு வெளியே நின்று, "எட்டுக்காலி எறங்கிச்சா டீச்சரே?" என்று கேட்பாள். எறங்கிச்சு என்பேன். கழுவித் துடைத்த அறையில் புது விரிப்பு போட்ட கட்டில் அப்படியே கிடந்தது. முந்திரிக்கொத்தைத் தினம் ஒன்றாக நானே தின்றேன். மகள் எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் தினம் ஒரு தடவை போன் போட்டேன். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது பச்சைப் பொய். கொப்புளம் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. வலி உதிரவில்லை. இப்போதும் உண்டு.

பதினோராம் நாள் மகளே கூப்பிட்டாள். குரல் பழையபடி இருந்தது. "அம்மா, இங்க டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. எனக்கு அம்மைக்கான ஆன்டிபாடி இருக்காம். எப்பவோ வந்து போயிருக்காம். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எப்போது வந்தது? என் கண்ணில் படாமல் அவளுக்கு அம்மை வர ஒரே ஒரு இடம்தான் உண்டு. நாத்தனாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே, ரப்பர் மரங்கள் பக்கம் நடந்துபோவது அடியில் சருகு நொறுங்குகிற சத்தத்தில் தெரிந்தது.

"அன்னைக்கு இங்க வச்சுப் பிள்ளைக்கு ஏழெட்டு குரு வந்தது மைனி. அம்மை போட்ட வீட்டுலேந்து ஆளும் போவப்படாது, சொல்லும் போவப்படாதுல்லா? தண்ணி விட்டு முடிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்க ஒரு குரு கூட வரல்லேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்திய. எப்படிச் சொல்ல? பிள்ளைக்கு அது அம்மைன்னே தெரியாது, சூட்டுக் குருன்னு சொல்லி வச்சேன்."

ஏழு வயதுப் பிள்ளை காய்ச்சலில் கிடந்திருக்கிறாள், நான் பக்கத்தில் இல்லை. அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். வேறொன்று என்னை எரித்தது.

"அது போட்டும். அன்னைக்கு ஏர்போர்ட்ல நான் பிள்ளைய நில்லுன்னு கத்தும்போ நீ பக்கத்துலதான நின்ன? அப்போ ஏன்டி சொல்லல?"

அவள் புருஷன் போய் எட்டு வருஷம். இரண்டு பையன்களும் வளைகுடாவில். அவள் வீட்டில் அறைகள் என் வீட்டைவிட அதிகம். போனில் சருகுச் சத்தம் நின்றது.

"எனக்கும் வீட்டுல ஆருமில்லியே மைனி" என்றாள்.

திட்டுவதற்கு என்னிடம் எப்போதும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வைக்கவும் மனசு வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

"மைனி, கேக்குதா?" என்றாள்.

"கேக்குது" என்றேன்.