கரி எஞ்சினும் கடைசி வரிசையும்

1991ஆம் ஆண்டு காஞ்சிபுரத்து உற்சவத்தில் பாசுரம் பாட, ஒரகடத்திலிருந்து எங்கள் கோஷ்டி ஏழு பேராகப் புறப்பட்டது. நீராடி, உலர்ந்த வேட்டி உடுத்தி, எவர் மேலும் எதன் மேலும் படாமல் வருவதற்கு மடி என்று பெயர். மடி குலைந்தவர் கடைசி வரிசையில் நிற்க வேண்டும் என்று விதி செய்தவன் நான். முதல் வரிசையில் நின்று பாசுரத்தைத் தொடங்கும் உரிமையும் இருபது ஆண்டுகளாக என்னுடையது. பேருந்தில் யாரேனும் இடித்துவிடுவார்கள் என்று அஞ்சி, மாட்டுவண்டியில் வாலாஜாபாத் சென்று ரயிலேறுவது என்று தீர்மானித்தவனும் நானே. மடியின் முன் நேரம் ஒரு பொருட்டா?

நிலையத்தில் வெள்ளைக்காரன் காலத்து நிலக்கரி எஞ்சின் நின்றிருந்தது. மற்றவர்கள் தொட்டுவிடாமல் தடுப்பதற்காகவே நான் முன்னே சென்றேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்பளவு சக்கரங்கள், எண்ணெய் வழியும் இரும்புத் தண்டுகள், நீராவியின் பெருமூச்சு.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "இன்னா சாமி, அங்கியே நின்னுகினு கீற? மேல வா. அடுத்த மாசம் டீசல் வந்துடும், அப்பறம் இத்தப் பாக்க முடியாது."

"நான் மடியாக இருக்கிறேன், அப்பா."

"மடின்னா இன்னா, சுடுமா?"

கரி அள்ளிக்கொண்டிருந்தவர் சிரித்தார். கைப்பிடியைப் பற்றி நான் ஏறியது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. உலைக்கதவு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. ஊதல் கம்பியை இழுக்கச் சொன்னார், இழுத்தேன். கீழே ஆறு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கோயில் மணி மாரி கீதா?"

"அதைவிட நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

காஞ்சியில் கையைக் கழுவினேன். வேட்டியைக் கழுவ முடியவில்லை. கோஷ்டியில் எனக்கு அடுத்தவர் பின்னாலிருந்து மிகுந்த பணிவுடன், "ஸ்வாமின், தேவரீர் செய்த விதியை அடியேன் நினைவூட்டலாமா?" என்றார். கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே இருவர் கரிபடிந்த உள்ளங்கைகளை மறைத்தபடி நின்றிருந்தார்கள்.

அடுத்தவர் பாசுரத்தைத் தொடங்கினார். குரல் நன்றாகவே இருந்தது, அதுதான் வருத்தம். கார்மேக வண்ணனை நாங்கள் பாடிக்கொண்டிருக்கையில், பக்கத்திலிருந்தவர் என் காதருகே குனிந்தார்.

"ஸ்வாமின், ஊதல் கம்பி கனமோ?"

"ஒரு கையால் ஆகாது" என்றேன்.