அண்ணனின் ஐஸ் பெட்டிக்கு இரண்டு மூடிகள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்தச் சித்திரையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவர் கடையில் ஒரு முறையாவது குளிர்ந்த மோர் குடித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். அண்ணன் இருந்திருந்தால், "இதுக்குப் போயி இம்புட்டுக் காகிதமா?" என்று கேட்டிருப்பார். கேட்கட்டும். ஒரு பொருள் வீணானால் அவருக்குப் பொறுக்காது. அந்தக் குணத்தால் அவர் எங்களைப் படுத்திய பாட்டையும், அதே குணத்தால் ஊருக்கு விளைந்த நன்மையையும் கூடப்பிறந்த தங்கை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

அண்ணன் பிறந்தது ஆனையூரில். எங்கள் தந்தையார் மாடு வைத்துப் பால் கறந்து மதுரைக்குக் கொண்டுவந்து விற்பார். ஒரு கோடையில் ஆற்றைக் கடக்கும்போது வண்டி அச்சு முறிந்து, உச்சி வெயிலில் நின்றுபோனார். பால் முழுவதும் திரிந்துவிட்டது. வைகை மணலில் அதைக் கொட்டிவிட்டு வெறுங்குடங்களோடு வீடு வந்தவர் அன்று ஒரு வாய் சோறு உண்ணவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அண்ணனும் உண்ணவில்லை. பாலைக் கெடாமல் காப்பது எப்படி என்ற எண்ணம் அவருக்கு அன்றைக்குப் பிடித்ததுதான், கடைசி வரை விடவில்லை.

தந்தையார் காலமானதும் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, கீழமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பால், தயிர்க் கடை வைத்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு. திருவாதவூரிலிருந்து அண்ணி வாழ வந்தார். அப்போது ஐஸ் ஆலையிலிருந்து கட்டிகளைச் சாக்கில் சுற்றி வண்டியில் கொண்டுவருவார்கள். ஐஸை அள்ளிப் போட்டால் யார் வேண்டுமானாலும் குளிர வைக்கலாம். கொஞ்சம் ஐஸில் நிறைய நேரம் குளிர்ச்சி நிற்க வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஆசை. அதற்காக, வீட்டு அடுப்படியில் வைக்க அவரே ஒரு பெட்டியைத் திட்டமிட்டார். வெளியே தேக்குப் பலகை, உள்ளே துத்தநாகத் தகடு. இரண்டுக்கும் நடுவில் முதலில் இலவம்பஞ்சைத் திணித்தார், எலி குடித்தனம் வந்தது. மரத்தூளைத் திணித்தார், ஈரம் இழுத்து நாறியது. கடைசியில் உமியை வறுத்துத் திணித்தார். கரைந்த நீர் வடியும் குழாயைக்கூட, வெளிக்காற்று உள்ளே ஏறக்கூடாதென்று வளைத்து வைத்தார்.

அப்படியும் என்ன பயன்? மறுநாள் காலை வரை நிற்க வேண்டிய கட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்கே தண்ணீராகிக் கிடக்கும். பலகையில் குற்றம் என்று பெட்டியைப் பிரித்தார். திரும்ப அடித்தார். உமியில் குற்றம் என்று மறுபடியும் பிரித்தார். "இதுக்கு மேல இறுக்குனா பலகை தெறிச்சுப் போகுமுங்க" என்று ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று.

குற்றம் பலகையிலும் இல்லை, உமியிலும் இல்லை. எல்லாம் எங்கள் அண்ணியின் தாராளம்! வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்காமல் அனுப்பிப் பழக்கமில்லாத வீட்டிலிருந்து வந்தவர் அவர். யார் படியேறினாலும் பெட்டியின் மூடியைத் தூக்கி மோர் எடுப்பார். எடுத்ததோடு விடமாட்டார். "கைய உள்ள விட்டுப் பாருங்க மதினி, மார்கழி மாசங் கணக்கா இருக்கும்" என்பார். மதினி கையை விடுவார், மதினியின் பிள்ளைகள் கையை விடுவார்கள், பிறகு தலையையும் விடுவார்கள். கடையில் இருந்த அண்ணனுக்கு இது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் நடுப்பகலில் தலைவலி என்று உள்ளே வந்தவர், வரிசையில் நின்று கை விட்டுக்கொண்டிருந்த சொந்தபந்தத்தைப் பார்த்தார். வந்த வழியே கடைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் பெட்டியில் ஒரு பூட்டுத் தொங்கியது.

"என் அடுப்படியில எனக்கே பூட்டா? நான் என்ன களவாணியா?" என்றார் அண்ணி. அவ்வளவுதான். அன்றே திருவாதவூருக்கு வண்டி ஏறிவிட்டார்.

"ஐஸுக்குத்தான பூட்டுப் போட்டேன், அவளுக்கா போட்டேன்?" என்று அண்ணன் என்னிடம் வந்து நின்றார்.

"அத வாயத் தொறந்து சொன்னாத்தானண்ணே தெரியும்!" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அண்ணன் திருவாதவூர் போனார். மாமனார் வீட்டில் விருந்து தடபுடல். ஆனால் அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். "பூட்ட எடுத்துட்டேன்னு மட்டும் சொல்லி என்னையக் கூப்புடாதீக. வந்தவுகளுக்கு ஒரு வாய் மோரு குடுக்க நான் ஒங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா? அதுக்குப் பதில் சொல்லுங்க." மோரைக் கொடு என்றால் ஐஸ் நிற்காது. கொடுக்காதே என்றால் அண்ணி வரமாட்டார். தனியாகத் திரும்பி வந்து, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். இந்த வீடு இரண்டாகிவிடுமோ என்று பயந்தேன்.

பிறகு ஒரு காலையில் கையில் ஒரு நூல்கயிற்றோடு மறுபடியும் திருவாதவூருக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே, "ஒன் மோர்ச்சட்டி எம்புட்டு அகலம்? அளவெடுக்க வந்தேன்" என்றார்.

"எதுக்காம்?"

"பெட்டியில ஒரு ஓரத்தத் தகடு வச்சுத் தடுக்கப் போறேன். அதுல ஒஞ்சட்டி இருக்கும். தகடு வழியா குளிர்ச்சி வரும், ஐஸுக்குக் காத்துப் படாது. அதுக்குன்னு தனியா ஒரு சின்ன மூடி. அத நீ எத்தன வாட்டி வேணாலும் தெற. நான் கேக்க மாட்டேன்."

"கேட்டா?"

"கேட்டா எனக்கு மோரு கிடையாது."

அண்ணி சிரித்துவிட்டார். சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

அந்தப் பெட்டியில் ஐஸ் நின்றது. அண்ணியின் உபசாரமும் குறையாமல் நடந்தது. சந்தில் தொடங்கி, ரயிலடிச் சாப்பாட்டுக் கடைகள் வரை அது போல் பெட்டி கேட்டு வந்தார்கள். யுத்த காலத்தில் ஐஸ் வருவது பாதியாகக் குறைந்தபோது, எத்தனையோ வீட்டுக் குழந்தைகளுக்குப் பால் கெடாமல் கிடைத்தது அந்தப் பெட்டிகளால்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அளவு சொல்லிக் கொடுத்தார். "சின்ன மூடிய மறந்துராதீக, வீட்டுல பொம்பளைங்க இருக்காக" என்பதையும் சேர்த்தே சொல்வார்.

சென்ற கோடையில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார் டாக்டர். அந்தச் சூட்டிலும், "பெரிய மூடிய ஒரே தடவதான் தெறக்கணும்" என்று முனகினாராம். அவரா விடுவார்! காய்ச்சல்தான் அவரை விடவில்லை.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், துணையிருந்த சந்துக்காரர்களுக்கும், செய்தி கேட்டதும் தாமாகவே ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிய வண்டிக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

எல்லாரிலும் மேலாக நான் வணங்க வேண்டியவர் அண்ணி. நான் ஆசிரியையாக வேலை பார்க்கும் கோவில்பட்டிக்குத் தந்தி வந்து, ரயில் பிடித்து நான் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வெயில் காலம், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "அவுக தங்கச்சி மொகம் பாக்காம எடுக்கக் கூடாது" என்று அண்ணி மறுத்துவிட்டு, தம் கையாலேயே பெரிய மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஐஸ் முழுவதையும் எடுத்து அண்ணனைச் சுற்றி அடுக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் தூங்குகிறவர் போலிருந்த அண்ணன் முகத்தை நான் கண்ணாரப் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், வாய்விட்டு அழுதேன்.

எடுத்துப் போனபின் உள்ளே வந்தால், பெட்டி திறந்தபடியே கிடந்தது. அடியில் உடைந்த ஐஸ் சில்லுகள் மட்டும் இன்னும் கொஞ்சம் கரையாமல் இருந்தன. என் கை தானாக மூடியைப் பிடித்தது.

"விடு தாயி" என்றார் அண்ணி. "மூடுன்னு சொல்ல இனி ஆரு இருக்கா?"